மூன்று நாள், பதினான்கு கடை: திருவனந்தபுரத்தில் போளியும் டீ பாட் காக்டெயிலும்

திருவனந்தபுரத்துக்கு வருகிறவர்கள் பத்மநாபசாமியைக் கும்பிடுவார்கள், மிருகக்காட்சி சாலையைப் பார்ப்பார்கள், கோவளத்தில் காலை நனைப்பார்கள். நாங்கள் மூன்று பேர் மூன்று நாள் அந்த ஊரில் சுற்றியது தின்பதற்கும் குடிப்பதற்கும் மட்டும். 2007-ஆம் ஆண்டுக் கடைசியில் ஒரு வெள்ளி, சனி, ஞாயிறு. இனிப்பு எங்கே நன்றாக இருக்கும், காக்டெயில் குடிக்கப் பெண்கள் தைரியமாகப் போகலாமா, எவ்வளவு ஆகும் என்று இந்தப் பக்கத்தை வாசிக்கிற இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். ஆனால் போன காரணத்தை மறைத்துக் கடைப் பட்டியலை மட்டும் கொடுத்தால் அது பாதிப் பொய். ஆகவே அதையும் சொல்லிவிடுகிறேன்.

என் சிநேகிதி செண்பகம் சென்னையில் ஒரு பெரிய ஹோட்டலின் சமையலறையில் ஏழு வருடமாக இனிப்புப் பிரிவில் வேலை பார்த்தவள். சொந்தமாக ஒரு கடை வைக்கவேண்டும் என்பது அவளுடைய ஒரே ஆசை. சென்னை வாடகைக்கு அது நடக்காது. எங்கள் இரண்டு பேரோடும் பாளையங்கோட்டை ஹாஸ்டலில் ஒரே அறையில் இருந்த லக்ஷ்மி திருவனந்தபுரத்துக்காரி. அங்கேயே அரசாங்க அலுவலகத்தில் வேலை. அவளுடைய மாமாவுக்குத் தைக்காட்டில் ஒரு கடை காலியாகக் கிடந்தது. செண்பகம் அதைக் கேட்டுவைத்துவிட்டாள். ஹோட்டலில் ராஜினாமாக் கடிதமும் கொடுத்துவிட்டாள். அடுப்படியை அவள் பார்த்துக்கொள்வாள். முன்னால் நின்று வருகிறவர்களை உட்காரவைத்து, நாலு வார்த்தை பேசி, கடையை நடத்த ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நான்தான் என்று அவளாகவே முடிவுகட்டி, "வாரியாட்டி?" என்று கேட்டுவிட்டாள்.

நான் மென்பொருள் கம்பெனியில் இருக்கிறேன். ஐந்து வருடத்தில் நாலு கம்பெனி மாறியாயிற்று. வாடகை வீடு ஐந்து. காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று என் அம்மா எல்லோரிடமும் சொல்வாள். செண்பகத்திடம் முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. சரி என்று சொல்லத் தைரியமும் வரவில்லை. "முதல்ல ஊரைச் சுத்திப் பாப்போம். அங்க ஜனங்க என்ன திங்காங்க, எங்க உக்காருதாங்கன்னு பாத்துட்டுச் சொல்லுதேன்" என்று தள்ளிப்போட்டேன். அவளும் நம்பினாள். கடையை ஒரு மொபைல் போன்காரரும் கேட்டுக்கொண்டிருந்ததால், ஞாயிறு மதியத்துக்குள் பதில் வேண்டும் என்று மாமா சொல்லியிருந்தார்.

ஆக, இது தின்கிற பயணமாகத் தெரிந்தாலும், எனக்குப் பரீட்சை.

எழும்பூரில் வியாழன் மாலை ரயில் ஏறினோம். ஸ்லீப்பர் 296 ரூபாய். மறுநாள் பதினொன்றரைக்குத் திருவனந்தபுரம் சென்ட்ரல். நாகர்கோவில் தாண்டியதிலிருந்தே நான் கதவுப் பக்கம்தான் நின்றேன். செண்பகம் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு நோட்டில் கடைக்கு வேண்டிய பாத்திரங்களை எழுதிக்கொண்டே வந்தாள்.

லக்ஷ்மி ஸ்டேஷனுக்கு வந்திருந்தாள். "வாங்கோடி! ஒண்ணும் கழிச்சிருக்க மாட்டேளே, முதல்ல காப்பி" என்றாள். கழிப்பது என்றால் இந்த ஊர்த் தமிழில் சாப்பிடுவது. பத்து வருடப் பழக்கத்தில் எங்களுக்கு அது பழகிவிட்டது. புதிதாக வருகிறவர்கள் திகைக்கவேண்டாம்.

ஸ்டேஷனுக்கு எதிரே, பஸ் ஸ்டாண்டை ஒட்டிச் செங்கல் நிறத்தில் சுருள் சுருளாக ஒரு காப்பிக்கடைக் கட்டிடம் நிற்கிறது. முதல் நிறுத்தம் அதுதான். உள்ளே மாடி கிடையாது. சரிவான ஒரே பாதை சுற்றிச் சுற்றி மேலே போகிறது. ஓரமெல்லாம் கல்லிலேயே கட்டிய மேசை, பெஞ்சு. தலைப்பாகை வைத்த பணியாளர் வந்து நிற்பார். காப்பி 5 ரூபாய், பீட்ரூட் போட்ட கட்லெட் 9 ரூபாய். இனிப்புக்கு இங்கே வராதீர்கள், கட்லெட்டுக்கு வாருங்கள். நான் இரண்டு வாய் தின்றுவிட்டு, மேலே எவ்வளவு தூரம் போகிறது என்று பார்க்கக் கிளம்பினேன். உச்சி வரை ஏறி இறங்கி வருவதற்குள் என் காப்பி ஆறிப்போய்விட்டது. லக்ஷ்மி சிரித்தாள். செண்பகம் ஆறின காப்பியைத் தன் பக்கம் இழுத்துக் குடித்தாள்.

அங்கிருந்து தைக்காடு ஒன்றரைக் கிலோமீட்டர். ஆட்டோவுக்கு 12 ரூபாய். கடை சின்னதுதான். முன்னால் ஓர் அறை, பின்னால் ஓர் அறை, வாசலில் மூன்று படி, எதிரே ஒரு பள்ளிக்கூடச் சுவர். செண்பகம் முன் அறையைக் காலடியால் அளந்தாள். ஆறு மேசை போடலாம், வெள்ளைத் தட்டு, முள்கரண்டி, சுவரில் படங்கள் என்று அவள் அடுக்கிக்கொண்டே போக, நான் வாசலில் நின்று போகிற பஸ்களின் பலகைகளை வாசித்துக்கொண்டிருந்தேன். "நீ நிக்கப்போற இடம் இதுதான்" என்று அவள் ஓர் இடத்தைக் காட்டினாள். அந்த இடத்தில் போய் நிற்க எனக்குக் கால் வரவில்லை. "சரி, அடுத்து எங்க?" என்றேன்.

அடுத்து சாலைத் தெரு. கிழக்கே கோட்டை என்கிற இடத்திலிருந்து நடக்கும் தூரம். அரிசி, வெல்லம், பாத்திரம், பூ என்று கடைகள் இடித்துக்கொண்டு நிற்கும். ஆரியசாலைப் பக்கம் திரும்பினால் பாதிக் கடைகளில் தமிழ்தான். அல்வாவும் நேந்திரங்காய் சிப்ஸும் சுடச்சுட வாங்கினோம். அல்வா கால் கிலோ 20 ரூபாய். திருநெல்வேலி அல்வா தின்று வளர்ந்தவர்கள் இந்த அல்வாவைக் குறை சொல்லாமல் தின்ன முடியாது. நாங்களும் குறை சொல்லிக்கொண்டே முழுப் பொட்டலத்தையும் காலி செய்தோம். சரியாகச் சொன்னால் அவர்கள் இருவரும் காலி செய்தார்கள். நான் ஒரு துண்டோடு பக்கத்து ஜூஸ் கடைக்குத் தாவிவிட்டேன்.

அங்கே ஷார்ஜா ஷேக் 18 ரூபாய். உறையவைத்த பாலும் வாழைப்பழமும் அரைத்தது, ஸ்பூன் நட்டால் நிற்கும். ஓர் எச்சரிக்கை: ஜூஸ் கடைப் பலகையில் காக்டெயில் என்று எழுதியிருந்தால் அது பப்பாளியும் கேரட்டும் அரைத்த பால். நல்லதுதான், ஆனால் நீங்கள் தேடி வந்த சரக்கு அதில் இருக்காது.

பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு கும்பிடு, வாசலில் உண்ணியப்பம் பத்து ரூபாய்க்கு ஐந்து. பிறகு ஸ்டாச்சு ஜங்ஷன் பக்கம் புதிதாக வந்த ஏ.சி. காப்பிக்கடை. கப்புச்சினோ 45 ரூபாய். இந்தக் காசுக்கு சுருள் கட்டிடத்தில் ஒன்பது காப்பி குடிக்கலாம். ஆனாலும் கடை நிறைந்திருந்தது, கல்லூரிப் பிள்ளைகள் ஒரே கோப்பையோடு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். "பாரு, இவங்கள மாதிரி ஆளுகதான் நமக்கு வருவாங்க" என்றாள் செண்பகம். நமக்கு என்ற வார்த்தை என்னைச் சுரீர் என்று குத்தியது. எனக்கு அங்கே பதினைந்து நிமிடத்துக்கு மேல் இருப்புக் கொள்ளவில்லை. காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவள் மாதிரி அவர்களைக் கிளப்பிக்கொண்டு, எதிர் வரிசையில் ஃபலூடா கடைக்குப் போனேன். ஃபலூடா 35 ரூபாய், உயரக் கண்ணாடி டம்ளரில் சேமியா, சப்ஜா விதை, ரோஜா சிரப், மேலே ஐஸ்கிரீம். மூன்று பேருக்கு ஒன்று போதும்.

இரவு தங்கல் லக்ஷ்மியின் வீட்டில். ஸ்ரீவராகத்தில், கிழக்கே கோட்டையிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர். வீட்டில் அவளும் அவளுடைய அம்மாவும்தான்.

சனிக்கிழமை காலை ஏழரைக்கு லக்ஷ்மி எங்களைப் போளி போடுகிற ஒரு வீட்டுக்கு அழைத்துப்போனாள். பலகை கிடையாது. பின்கட்டில் பெரிய தோசைக்கல், இரண்டு பெண்கள். கடலைப்பருப்பும் வெல்லமும் அரைத்த பூரணம், மஞ்சள் நிற மாவு, வாழையிலையில் தட்டிக் கல்லில் போட்டால் கைக்குட்டை அளவுக்கு மெல்லிசாக, துணி மாதிரி மடிகிறது. ஒரு போளி 4 ரூபாய். கூடவே பால் பாயசம் லிட்டர் 50 ரூபாய். பாத்திரம் நாமே கொண்டுபோகவேண்டும், மறக்காதீர்கள்.

செண்பகம் கல் பக்கத்தில் போய் நின்றவள் நின்றவள்தான். மாவு எவ்வளவு நேரம் ஊறும், எண்ணெய் எவ்வளவு, கல் எவ்வளவு சூடு. அவர்கள் மலையாளத்தில் சொல்ல, லக்ஷ்மி தமிழாக்க, இவள் நோட்டில் எழுத. எனக்கு அரைமணி நேரத்தில் போதுமென்று ஆகிவிட்டது. "நீங்க பாருங்க, நான் ஒரு ரவுண்டு போயிட்டு வாரேன்" என்று கிளம்பினேன். ஒரு டீக்கடையில் பழம்பொரி, அதாவது நேந்திரம்பழ பஜ்ஜி, 3 ரூபாய். ஒரு பேக்கரியில் முட்டை பப்ஸ், 6 ரூபாய். ஒரு பெட்டிக்கடையில் நன்னாரி சர்பத், 5 ரூபாய். மூன்றையும் ஐம்பது நிமிடத்தில் முடித்தேன். முடித்தேன் என்றால் ருசி பார்த்தேன். திரும்பி வந்தபோது செண்பகம் அதே இடத்தில் நின்றிருந்தாள். அந்தப் பெண்கள் அவள் கையில் ஒரு மாவு உருண்டையைக் கொடுத்திருந்தார்கள், அவளும் தட்டிக்கொண்டிருந்தாள்.

மதியம் செண்பகத்தின் ஒத்திகை. கடையில் விற்கப்போகிற அவளுடைய சொந்த இனிப்பை மாமா வந்து ருசி பார்க்கப்போகிறார். எங்கள் ஊர்த் தேங்காய்ப் போளி, கொஞ்சம் தடிமனாக. அதை முக்கோணமாக மடித்து வெள்ளைத் தட்டில் வைத்து, மேலே ஓர் உருண்டை வனிலா ஐஸ்கிரீம், சுற்றிலும் கருப்பட்டிப் பாகு, வறுத்த முந்திரி. தட்டும் முள்கரண்டியும் சென்னையிலிருந்தே கொண்டுவந்திருந்தாள். பார்க்க அவ்வளவு அழகு. அறுபது ரூபாய்க்கு விற்கலாம் என்று கணக்குப் போட்டிருந்தாள்.

மாமா தட்டைப் பார்த்தார். முள்கரண்டியை எடுத்து ஓரமாக வைத்தார். "பாயசம் எங்கே?" என்றார்.

"பாயசம் இல்ல மாமா, அதுக்குப் பதிலாத்தான் ஐஸ்கிரீம்" என்றாள் செண்பகம்.

"அதெப்படி? போளின்னா பாயசம் வேண்டாமோ?"

லக்ஷ்மியின் அம்மா அதற்குள் காலையில் வாங்கிய பாயசப் பாத்திரத்தோடு வந்துவிட்டார். செண்பகம் வாயைத் திறப்பதற்கு முன்னால் இரண்டு கரண்டி பாயசம் ஐஸ்கிரீம் தலையில் விழுந்தது. மாமா கையை விட்டு எல்லாவற்றையும் பிசைந்தார். பாகு, முந்திரி, முக்கோணம் எல்லாம் ஒரே கூழ். லக்ஷ்மியின் அம்மாவும் அப்படியே. லக்ஷ்மி எங்கள் முகத்தைப் பார்த்தாள், குற்ற உணர்ச்சியோடு அவளும் பிசைந்தாள். விஷயம் என்னவென்றால், இந்த ஊரில் போளியைத் தனியாக யாரும் தின்பதில்லை. கல்யாணப் பந்தியிலும் இலையில் போளியைப் போட்டு, அதன்மேல் பால் பாயசம் விட்டுக் கையால் பிசைந்துதான் சாப்பிடுவார்கள். நெய் தொட்டுப் பிய்த்துத் தின்கிற எங்களுக்கு அது தெரியாது. ஹோட்டல் சமையலறையில் ஏழு வருடம் இருந்தவளுக்கும் தெரியவில்லை.

மாமா நிதானமாக மென்றார். "ருசியெல்லாம் நன்னாத்தான் இருக்கு குழந்தே. பக்ஷே, பாயசத்துல அலியல்லையே" என்றார். ஆனால் பாயசத்தில் கரையவில்லை என்கிறார். தேங்காய்ப் பூரணம் திப்பி திப்பியாக அவர் விரலில் ஒட்டியிருந்தது.

செண்பகத்துக்கு முகம் செத்துப்போயிற்று. எனக்கு அவளைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது, கூடவே, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒரு மூலையில் நிம்மதியாகவும் இருந்தது. கடை நடக்காது என்றால் நான் பதில் சொல்லவேண்டியதில்லை அல்லவா. ஆனால் அவள் ஒரு நிமிடம்தான் அப்படி இருந்தாள். பிறகு காலையில் வாங்கிய மஞ்சள் போளியில் ஒன்றைத் தன் தட்டில் போட்டாள். "எவ்வளவு விடணும் மாமா?" என்று கேட்டாள். "முங்கணும்" என்றார் மாமா. முங்க விட்டுப் பிசைந்து வாயில் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். "ஏ வடிவு, இதத் தின்னு பாருட்டி" என்று என்னைக் கூப்பிட்டாள். நான் ஒரு விரல் தொட்டு நக்கிவிட்டு, ஆட்டோ கிடைக்குமா என்று பார்க்க வாசலுக்கு வந்தேன். மணி மூன்றாகிவிட்டது, ஐந்தரைக்குக் காக்டெயில் திட்டம் இருந்தது.

இப்போது காக்டெயில். தம்பானூர்ப் பக்கம் ஒரு நட்சத்திர ஹோட்டலின் பாருக்குப் பெண்கள் தைரியமாகப் போகலாம் என்று கேள்விப்பட்டு, நல்ல உடுப்பாக உடுத்திக்கொண்டு போனோம். லக்ஷ்மி மட்டும் ஆட்டோவில் முந்தானையால் தலையை மூடிக்கொண்டு வந்தாள். "எங்க ஆபீஸ்ல ஆரானும் பாத்தா தீர்ந்தேன்" என்பதே அவள் மந்திரம். அவள் குடிக்கப்போவது எலுமிச்சை ஜூஸ்தான், இருந்தும் பயம்.

பாரின் கதவு மூடியிருந்தது. பக்கத்து ரெஸ்டாரண்டிலிருந்து நாற்பது வயது மதிக்கத்தக்க பணியாளர் வந்தார். எங்கள் தமிழைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. "இன்னைக்கு ஒண்ணாந்தேதில்லா, அக்கா. சம்பள நாளு. கேரளா பூரா அடைச்சிருக்கும்" என்றார்.

"நீங்க எந்த ஊரு அண்ணாச்சி?" என்றாள் செண்பகம்.

"வள்ளியூர் பக்கம். பன்னெண்டு வருசமாச்சு வந்து. லைம் சோடா வேணும்னா தாரேன், உக்காருங்க."

எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி முடியாது. நேற்றே வந்திருக்கலாம்! மாதத்தின் முதல் தேதியன்று கேரளத்தில் ஒரு பாரும் திறக்காது என்பதை அங்கேயே வேலை பார்க்கிற லக்ஷ்மி மறந்துபோனாள். பாருக்குப் போகாதவளுக்கு அது எப்படி நினைவிருக்கும்? அவளைக் கோபித்துப் பயனில்லை. லைம் சோடா 25 ரூபாய். செண்பகம் அந்த அண்ணாச்சியிடம் வேலைக்கு ஆள் எங்கே கிடைக்கும், சம்பளம் எவ்வளவு என்று விசாரிக்க ஆரம்பித்தாள். நான் எழுந்து நின்றேன். "கோவளத்துக்குப் போவோமா?"

கிழக்கே கோட்டையிலிருந்து கோவளம் பதினான்கு கிலோமீட்டர், பஸ் 8 ரூபாய், நாற்பது நிமிடம். ஆறே முக்காலுக்குக் கலங்கரை விளக்கக் கடற்கரையில் இறங்கினோம். கடலைப் பார்த்து வரிசையாகச் சாப்பாட்டுக் கடைகள், பாதி வெள்ளைக்காரர்கள். ஒரு கடையில் போய் உட்கார்ந்து காக்டெயில் என்று மெதுவாகக் கேட்டோம். கடைக்காரர் இரண்டு பக்கமும் பார்த்தார். பத்து நிமிடத்தில் ஒரு பீங்கான் டீ பாட், மூன்று கப், மூன்று சாசர் வந்தன. டீ பாட்டைச் சாய்த்தால் அன்னாசிச் சாறு, தேங்காய்ப் பால், ரம் கலந்து வழிகிறது. உரிமம் இல்லாத கடைகளில் இப்படித்தான் கொடுப்பார்களாம், ஒன்றாம் தேதி என்று இல்லை, எல்லா நாளும். ஒரு டீ பாட் 180 ரூபாய். சட்டப்படி சரியில்லை. நீங்கள் போனால் உங்கள் பொறுப்பு.

"எனக்கு மட்டும் எதுக்குடி கப்பு?" என்று லக்ஷ்மி பதறினாள். "கப்பு இல்லாட்டி சம்சயம் வருமாம்" என்று செண்பகம் அவளைச் சீண்டினாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. அந்த அரைமணி நேரம் நன்றாக இருந்தது. அப்போதுதான் செண்பகம் கப்பை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். கேட்கப்போகிறாள் என்று தெரிந்தது. "அந்தக் கடைசிக் கடையில பான்கேக் நல்லா இருக்குமாம், பாத்துட்டு வாரேன்" என்று சொல்லி, பாதிக் கப்போடு எழுந்தேன்.

கடைசிக் கடைக்குப் போய் வாழைப்பழப் பான்கேக் சொன்னேன், 40 ரூபாய். தனியாக ஒரு மேசை. ஒரு வாய் தின்றேன். எதிரே இன்னொரு கடையில் விளக்கு நன்றாக இருந்தது, அங்கே போயிருக்கலாமோ என்று தோன்றியது. அப்படித் தோன்றியதும் எனக்கே சீ என்று ஆகிவிட்டது. எல்லா மேசையிலும் ஆட்கள் ஆட்களோடு இருந்தார்கள். என்னுடைய ஆட்கள் இருநூறு அடி தூரத்தில் எனக்காக உட்கார்ந்திருந்தார்கள். நான் என்ன எழவுக்கு இங்கே இருக்கிறேன்? திரும்பி ஓடினேன். அவர்கள் தலையைச் சேர்த்து ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள், என்னைப் பார்த்ததும் நிறுத்தினார்கள். எட்டு மணி பஸ்ஸில் திரும்பினோம்.

ஞாயிறு காலை ஆறரைக்கு, அவர்கள் எழுந்திருப்பதற்கு முன்னால், ஆட்டோ பிடித்துத் தைக்காட்டுக்குப் போனேன். பூட்டிய கடையின் படியில் உட்கார்ந்தேன். முதலில் ஐந்து நிமிடம் என்றுதான் நினைத்தேன். எதிரே பள்ளிக்கூடச் சுவர்மேல் ஒரு பூனை. பால்காரர், பேப்பர்காரர், குளித்து ஈரத் தலையோடு கோயிலுக்குப் போகிற பெண்கள். ஒருவர் நின்று, "கட துறக்குன்னுண்டோ?" என்று கேட்டார். கடை திறக்கப்போகிறதா என்கிறார். "ஆமா சேட்டா, சீக்கிரம்" என்று என் வாயில் தானாக வந்தது. அவர் தலையாட்டிவிட்டுப் போனார். மணி பார்த்தபோது ஒன்றேகால் மணி நேரம் ஆகியிருந்தது. அவ்வளவு நேரம் ஒரே இடத்தில் எந்த ஊரில் உட்கார்ந்திருக்கிறேன் என்று யோசித்துப் பார்த்தேன். நினைவுக்கு வரவில்லை. வேலையை விட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன். பயம் போய்விட்டது. திரும்புகிற ஆட்டோவில் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன், ஓட்டுநர் கண்ணாடியில் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

கோட்டைப் பக்கம் ஒரு பேக்கரியில் ஒன்பதரைக்குச் சந்திப்பதாக ஏற்பாடு. ஹனி கேக் 8 ரூபாய், அவசியம் சாப்பிடுங்கள், பாகில் ஊறி மெத்தென்று இருக்கும். செண்பகம் முன்னாலேயே வந்து தனியாக உட்கார்ந்திருந்தாள். லக்ஷ்மி மாமாவை அழைத்துவரப் போயிருந்தாள். நான் நாற்காலியை இழுத்து, "செண்பகம், ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தேன்.

"நான் முதல்ல சொல்லிருதேன்" என்றாள். "நீ வரவேண்டாம்ட்டி."

எனக்குப் புரியவில்லை.

"மேசை போட்டு, தட்டு வச்சு, இங்கிலீஷ் பேசி ஆர்டர் எடுக்குத கடைய நான் வைக்கப்போறதில்ல. நேத்து மாமா பிசைஞ்சதப் பாத்தப்பவே தெரிஞ்சிட்டு. ஒரு கல்லு, ஒரு அண்டா பாயசம், இலைக் கிண்ணம். அந்தப் போளி வீட்டுல ஒரு பொண்ணு காலையில வந்து சொல்லித்தாரேன்னுருக்கா. முன்னால நிக்க அந்த வள்ளியூர் அண்ணாச்சியோட வீட்டம்மாவக் கேட்டிருக்கேன்."

"சரி, கடை எப்படி இருந்தா என்ன? நானும் பிசைஞ்சு குடுக்கேன். நான் சரின்னு சொல்லத்தான் வந்தேன்!"

"தெரியும். உன் மூஞ்சியிலயே தெரிஞ்சுது. அதான் நீ சொல்லுததுக்கு முன்னாடி நான் சொன்னேன்."

"அப்பறம் ஏன்?"

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஏழு வருடம் அடுப்பில் நின்ற கை, சூடுபட்ட தழும்புகள் எனக்கு ஒவ்வொன்றாகத் தெரியும். "மூணு நாளா உன்னப் பாத்துக்கிட்டேதான இருக்கேன் வடிவு. ஒரு கப்பக்கூட நீ முழுசாக் குடிக்கல. நீ வந்தா ஆறு மாசம் கடை ஜோரா நடக்கும். ஏழாம் மாசம் உனக்கு வேற ஊரு கண்ணுல தெரியும். எங்கிட்டச் சொல்ல முடியாம, ராத்திரி தூங்காம, ஒருநாள் போயிருவ. அப்போ எனக்குக் கடையும் போவும், நீயும் போவ. கடை போனா இன்னொண்ணு வச்சிக்கிடுவேன்."

நான் அழுதேன். பேக்கரியில் எல்லோரும் பார்க்க, ஹனி கேக்கின்மேல் மூக்கு ஒழுக அழுதேன். பொய் சொல்கிறாள் என்று சண்டை போட ஒரு வார்த்தை கிடைக்குமா என்று தேடினேன். காலையில் படியில் உட்கார்ந்த ஒன்றேகால் மணி நேரத்தைச் சொல்லலாம் என்று நினைத்தேன். அதைச் சொன்னால் எனக்கே சிரிப்பு வந்திருக்கும். ஐந்து வருடத்துக்கு எதிரே ஒன்றேகால் மணி நேரம். லக்ஷ்மியும் மாமாவும் உள்ளே வந்தார்கள். நான் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். செண்பகம் மாமாவிடம், "கடைய நானே எடுத்துக்கிடுதேன் மாமா. ஒரு ஆளாத்தான்" என்றாள். மாலை 4.10 ரயிலில் நானும் அவளும் ஒரே பெட்டியில்தான் சென்னை திரும்பினோம். பழைய மாதிரிதான் பேசினோம், கடையைத் தவிர மற்ற எல்லாவற்றையும்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை போங்கள், மழையும் வெயிலும் கொல்லாது. ஒன்றாம் தேதி விழுகிற வாரக் கடைசியைத் தவிருங்கள். நகரத்துக்குள் எங்கே போனாலும் ஆட்டோவுக்கு 10 முதல் 20 ரூபாய்தான், மீட்டர் போடுகிறார்கள், சண்டை இல்லை. தங்குவது தவிர ஆளுக்கு மூன்று நாளில் 900 ரூபாய் எனக்கு ஆயிற்று. ஒரு நாளைக்கு மூன்று இடத்துக்கு மேல் போகாதீர்கள். நான் பதினான்கு இடம் போனேன், எதன் ருசியையும் கேட்டால் தைரியமாகச் சொல்ல வரவில்லை. அவர்கள் இருவரும் என்னைவிடக் குறைவாகத்தான் போனார்கள், எல்லாவற்றையும் சொல்கிறார்கள்.

போளி சாப்பிடவேண்டுமானால் தைக்காட்டுக்குப் போங்கள். பள்ளிக்கூடச் சுவருக்கு எதிரே, மூன்று படி ஏறினால் ஒரு சின்னக் கடை. காலை பத்தரையிலிருந்து தீரும் வரை, பெரும்பாலும் மூன்று மணிக்குத் தீர்ந்துவிடும். செவ்வாய் விடுமுறை. இலைக் கிண்ணத்தில் ஒரு போளி, முங்கும் அளவு பாயசம், 15 ரூபாய். ஸ்பூன் கேட்டால் தருவார்கள், கேட்காதீர்கள். மேலே எழுதிய விலையெல்லாம் நான் கொடுத்த விலை. இந்த ஒன்று மட்டும் லக்ஷ்மி போனில் சொன்னது. நான் இன்னும் போகவில்லை.